நூற்று அறுபத்து மூன்றாவது கரண்டி

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. கணக்கு வாத்தியாராக இருந்ததால் வந்த வியாதி என்பார்கள். இல்லை, அதற்கும் முன்பே இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து வாய்க்கால் பாலத்துக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு எட்டு. மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போனால் பதினான்கு கூடும். அந்தப் பாலத்தை நினைத்தாலே இந்த வயதிலும் நெஞ்சு படபடக்கிறது, சந்தோஷத்தில்!

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தை மாதம், சம்பா முற்றிச் சாய்ந்து கிடந்தது. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறார் என்று பேச்சு. அதைத் தடுக்கச் சிவப்புக் கொடிகளோடு பாலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பஸ் இல்லை. ஆஸ்பத்திரி பதினொரு மைல் தள்ளி.

அன்று விடியற்காலையிலிருந்து குழந்தைக்குத் தண்ணீராகப் போனது. நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்து நேரம் போட்டு எழுதத் தொடங்கினேன். ஐந்து இருபது, ஐந்து ஐம்பது, ஆறு ஐந்து. ஒன்பது மணிக்குள் பதினொரு தடவை. குழந்தையின் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

என் அக்கா எங்களோடு இருந்தாள். "வயித்தக் காயப்போடணும்டா தம்பி. ஒரு சொட்டுத் தண்ணி காட்டாத, எல்லாம் அப்படியே போயிடும்" என்றாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வது அதுதான். தாய்ப்பாலைக்கூட நிறுத்தியிருந்தோம். மாரில் பால் கட்டிக்கொள்ள, என் மனைவி சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

ஐந்து ஊருக்கு ஒரே சர்க்கார் நர்ஸ். பால்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தேன். ஒன்பதரைக்கு வந்துவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிலாளர் குடியிருப்பிலிருந்து நேராக வந்திருக்கிறார். அவரைத் தடுக்க அங்கே யாருக்கும் மனம் வராது. எல்லார் வீட்டுப் பிரசவத்துக்கும் நின்றவர்.

அக்கா வாசலிலேயே மறித்தாள். "அங்கேருந்து அப்படியே வர்றியா? காலக் கழுவிட்டு உள்ள வா."

"கையத்தான் கழுவணும்மா. சோப்பு இருக்கா? மொதல்ல நீங்க கழுவுங்க, நான் பாக்கறேன்" என்றார் நர்ஸ்.

அக்கா கழுவினாள்! அதற்கு முன்னும் பின்னும் அவள் யார் சொல்லியும் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

நர்ஸ் குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். தோல் உடனே படியவில்லை, மடிந்தபடியே நின்று மெதுவாக இறங்கியது. நான் பெருமையோடு நோட்டை நீட்டினேன். அவர் கடைசி வரி வரை படித்தார்.

"போனதெல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க சார். உள்ள போனது எந்தப் பக்கத்துல இருக்கு?"

நான் பக்கத்தைத் திருப்பினேன். எழுதியிருந்தால்தானே இருக்கும்!

"ஒண்ணும் குடுக்கலையா? அந்தப் பக்கம் நாலு புள்ளைங்களுக்கு இதே மாதிரி. நாலும் காலைலேருந்து கஞ்சித்தண்ணி குடிக்குதுங்க. படிச்சவங்க நீங்க, புள்ளயக் காயப்போட்டு வச்சிருக்கீங்க."

அடுப்படியில் மாட்டுக்கு ஊற்ற வைத்திருந்த வடிகஞ்சி இருந்தது. அதில் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைத்து, உப்புப் போட்டு, ஆற்றி, முதலில் அவரே நாக்கில் வைத்துப் பார்த்தார். "கண்ணீர் கரிக்கிற அளவு. அதுக்கு மேல போகக் கூடாது." பிறகு மனைவியிடம், "பாலும் குடும்மா. யாரு நிறுத்தச் சொன்னது?" என்றார். அக்கா கூரையைப் பார்த்தாள்.

"சார், உங்களுக்குத்தான் எண்ண வருமே. நிமிஷத்துக்கு ஒரு சின்னக் கரண்டி. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, திரும்ப ஆரம்பிங்க. ஒண்ணுக்குப் போனா பொழச்சுக்கிட்டான்னு அர்த்தம். குடிக்கவே முடியாமத் துவண்டா உடனே ஆள் அனுப்புங்க, பாலத்துல நானே பேசி வண்டிக்கு வழி வாங்கறேன்."

அவர் திரும்பப் போய்விட்டார். பத்து மணி பத்து நிமிடத்துக்கு முதல் கரண்டி. பதினெட்டாவது கரண்டியில் வாந்தி. பத்து நிமிடம், சுவர்க் கடிகாரத்தைத் தவிர எதையும் நான் பார்க்கவில்லை. பிறகு பத்தொன்பது. நாற்பத்தாறில் இன்னொரு வாந்தி. எழுபதில் குழந்தை தானாக வாயைத் திறந்தாள்! தொண்ணூற்றெட்டில் கரண்டியைக் கையால் பிடித்து இழுத்தாள். ஆனால் துணி காய்ந்தே இருந்தது. நூற்றிருபது, நூற்று நாற்பது. எண் தவறிவிடுமோ என்று எனக்குப் பயம்.

நூற்று அறுபத்து மூன்று. மடியில் சூடாக ஏதோ பரவியது.

நான் போட்ட கூச்சலில் அக்கா தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையை மனைவியின் மடியில் போட்டுவிட்டு நனைந்த வேட்டியோடு தெருவில் ஓடினேன். எட்டுகளை எண்ணவில்லை, வாழ்க்கையில் அந்த ஒரு தடவை. பாலத்தில் கொடியோடு இருந்தவர்கள் பதறி எழுந்தார்கள்.

"என்ன வாத்தியாரே, புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணுக்குப் போயிட்டா!"

பாலமே சிரித்தது. "வழி விடுங்கப்பா, பெரிய சேதி போகுது!" என்று ஒருவர் கொடியைத் தூக்கிப் பிடித்தார்.

முதல் குடிசையில் நர்ஸ் ஒரு பையனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே சேதியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"சரி சார், நீங்க இங்க நிக்கறீங்க. அடுத்த கரண்டிய அங்க யாரு குடுக்கறது?"

வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினேன். பாலத்தில் இன்னொரு சிரிப்பு. வாசலை மிதித்தபோது மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடிகாரத்தில் ஒரு கண், குழந்தையின் வாயில் ஒரு கண்.

"நூத்தி எழுபத்தாறு" என்றாள்.