வீரமணி எழுதிய மொய்

மைக்கைக் கண்டாலே வீரமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். வாழ்க்கையில் அவர் செய்த பெரிய முட்டாள்தனத்தை ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் செய்தார்.

முப்பது வருடத்துக்கும் மேலாகச் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பக்கத்தில் வெந்தவர் அவர். ஓய்வு பெற்றபோது பாலக்கோட்டில் சின்னதாக ஒரு மண்டபம் பிடித்து, பிளெக்ஸ் கட்டி, பிரியாணி போட்டு விழா எடுத்தார்கள். மாலையும் சால்வையும் ஏறியதும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. "பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாஞ் சேர்த்து ஏழு லட்சம் வந்திருக்குதுங்க. எனக்கென்ன பெரிய செலவு? எல்லாம் எம் புள்ளைங்களுக்குத்தான்!" என்று மைக்கில் முழங்கினார். மண்டபமே கைதட்டியது. மனைவி ராமக்காள் மட்டும் கை தட்டவில்லை. சாப்பிட்ட கையோடு அவரை முறைத்தபடி நின்றாள்.

சொன்ன வாய் மூடுவதற்குள் அரூரிலிருந்து மருமகன் மாதவராஜ் வந்துவிட்டான். செல்போன் கடையைப் பெரிதாக்க வேண்டுமாம். "பேங்க்காரன் என்னாங்க மாமா தரான்? அவனுக்கு மேல நான் மாசாமாசம் வட்டி தரேன். பணம் நம்ம குடும்பத்துக்குள்ளயே இருக்கும் பாருங்க" என்றான். மகள் தேவிப்பிரியா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். மூன்று லட்சம் போனது. சில மாதம் வட்டி வந்தது. பிறகு பாதி வந்தது. பிறகு அதுவும் நின்றது.

பணம் போனதைவிட அதைக் கேட்பதுதான் வீரமணியைக் கொன்றது. மாதம் பிறந்தால் போன் போட வேண்டும். முதலில் பேத்தியின் படிப்பை விசாரிக்க வேண்டும், மழையைப் பற்றிப் பேச வேண்டும், அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு "அந்த வட்டி..." என்று இழுக்க வேண்டும். "கடையில ஓட்டமே இல்லப்பா, உங்களுக்கென்ன, பென்சன் வருது இல்ல?" என்பாள் தேவிப்பிரியா. பென்சனா அது? மூவாயிரத்தைத் தொடாத பென்சன்! கொடுத்தவன் கெஞ்சுகிறான், வாங்கியவன் சலித்துக்கொள்கிறான். எந்த ஊர் நியாயம் இது? ஒரு கட்டத்தில் அவர் கேட்பதையே விட்டுவிட்டார். கோபத்தை மட்டும் விடவில்லை.

மிச்சம் நாலு லட்சம் வங்கி டெப்பாசிட்டில் இருந்தது. அதன் வட்டி மாதம் இரண்டாயிரத்து நானூறு. யாரையும் கெஞ்ச வேண்டாம், தானாகக் கணக்கில் விழும். அதற்காகவே வீரமணிக்கு அந்த வங்கியின் மேல் பிள்ளைப் பாசம் இருந்தது. ஆனால் வட்டி ஆணி அடித்தது போல் நின்ற இடத்திலேயே நின்றது, மற்றதெல்லாம் ஏறியது. பாலும் சிலிண்டரும் போகட்டும், கடலை எண்ணெயும் ராமக்காளின் சர்க்கரை மாத்திரையும் அவரை அழவைத்தன. தக்காளி மார்க்கெட் இருக்கிற ஊரிலேயே ஒரு நாள் தக்காளியை ரோட்டில் கொட்டுகிறார்கள், இன்னொரு நாள் கிலோவைத் தொட முடியவில்லை. கொட்டுகிற நாளில் விவசாயி சாகிறான், தொட முடியாத நாளில் நாம் சாகிறோம் என்று மார்க்கெட் வாசலிலேயே நின்று கத்துவார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த நிலையில் பேத்தி பெரியவளானாள். அரூரில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்பே ஓசூரிலிருந்து மகன் தர்மன் கார் எடுத்துக்கொண்டு பாலக்கோட்டில் வந்து இறங்கினான். அந்தக் காருக்கும் தவணை, குடியிருக்கிற வீட்டுக்கும் தவணை.

"அப்பா, ஒரே தாய்மாமன் நானு. தட்டு வரிசையோட போயி மூணு பவுனுல ஒரு சங்கிலி போட்டாத்தான் அரூர்ல மரியாதை. அந்த டெப்பாசிட்ட உடைங்க. வட்டிய மாசாமாசம் நான் அனுப்பிடறேன்."

பவுன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வீரமணி மனதுக்குள் போட்டுப் பார்த்தார். தன் பணத்தை மகன் வாங்கி, தட்டில் வைத்து, மேளத்தோடு தூக்கிக்கொண்டு போய், ஏற்கெனவே தன் பணத்தை முழுங்கிய வீட்டிலேயே கொடுக்கப் போகிறான். பேர் மட்டும் தாய்மாமன் தர்மனுக்கு!

"உடைக்க மாட்டேன்" என்றார்.

"அக்காவுக்கு மட்டும் குடுத்தீங்க?"

"அதனாலதான் உனக்கு இல்லங்கறேன்!"

தர்மன் காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினான். ராமக்காள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பேசியபோது, "சபையில எம் பேத்தி கழுத்து காலியா நிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். அவருக்கும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அந்த நாலு லட்சமும் போனால் இந்த வயதில் மகள் வாசல், மகன் வாசல் என்று இரண்டு வாசலில் போய் நிற்க வேண்டும்.

விசேஷத்தன்று தர்மன் தன்னால் முடிந்ததைக் கொண்டுவந்தான். பழத்தட்டு, ஸ்வீட் பெட்டி, பட்டுப் பாவாடை, அரைப் பவுனில் ஒரு தோடு. பேத்தி சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டாள். மாதவராஜின் முகம்தான் கோணியது. பக்கத்தில் இருந்தவர்களிடம், முன் வரிசையில் இருந்த வீரமணிக்கு நன்றாகக் கேட்கும்படி சொன்னான்:

"பெருசுகிட்ட டெப்பாசிட் தூங்குது. பேத்திக்கு ஒரு சங்கிலி போட மனசு வரல. சாவும்போது தலைக்கு வெச்சுக்கிட்டுப் போவாரு போல."

வீரமணிக்குக் காது இரண்டும் கொதித்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ராமக்காள் வேட்டியைப் பிடித்தாள், நிற்கவில்லை. நேராக மொய் எழுதுகிற மேஜைக்குப் போனார். அங்கே மாதவராஜின் பெரியப்பா முனியப்பன் உட்கார்ந்து, வாங்குகிற மொய்யை எழுதி, மைக்கிலும் சொல்லிக்கொண்டிருந்தார். மொய் விஷயத்தில் முனியப்பன் சொந்தத் தம்பிக்குக்கூட ஒரு ரூபாய் கூட்டி எழுதாதவர்.

"பாலக்கோடு வீரமணி, மூணு லட்சம்னு எழுதுங்க."

முனியப்பன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மைக்கில் அதை அப்படியே சொன்னார். பந்தியில் இலைக்கு முன்னால் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாதவராஜ் முகமெல்லாம் பல்லாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"மாமா! எதுக்குங்க மாமா இவ்வளோ... பணம் எங்கீங்க?"

"உங்க கடையில இருக்குது மாப்ளே. நாலு வருசமா."

மைக் அணைக்கப்படவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

மாதவராஜின் பல்லெல்லாம் உள்ளே போனது. "அது வேற கணக்குங்க மாமா... அத இங்க வந்து..."

"என்னா வேற? உங்க கையில குடுத்தேன். வட்டி கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு. சரி, கடனா வேண்டாம், எம் பேத்திக்கு மொய்யா இருக்கட்டும். எழுதிக்குங்கன்னுதான சொல்றேன்?"

முனியப்பன் பேனாவை மூடாமல் தம்பி மகனைப் பார்த்தார். "வாங்குனது உண்டாடா?"

இத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. தலை மட்டும் அசைந்தது. முனியப்பன் எழுதினார். எழுதின மொய்யை அடிக்கிற பழக்கம் அந்தப் பக்கம் யாருக்கும் கிடையாது. வீரமணி வீட்டில் விசேஷம் என்றால் அது குறையாமல் திரும்பி வர வேண்டும். கடனை ஏமாற்றியவன் ஊரில் நடமாடலாம், மொய்யைத் திருப்பாதவன் எந்தப் பந்தியிலும் உட்கார முடியாது. அது மாதவராஜுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

வீரமணி திரும்பியபோது மேடையில் மகள் தெரிந்தாள். தேவிப்பிரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பேத்தி அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். ஜெயித்த சந்தோஷம் ஒரு நொடிகூட அவருக்கு நிற்கவில்லை. பெற்ற மகளைச் சபையில் குனியவைத்துத்தான் தன் பணத்தைத் தன்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த நிலைக்குத் தன்னைத் தள்ளினார்களே என்று கோபம் இன்னும் ஒரு மடங்கு ஏறியது. சாப்பிடாமலே வெளியே வந்தார். ராமக்காளும் பின்னால் வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் தர்மனின் கார் வந்து நின்றது. "ஏறுங்கப்பா, கொண்டுபோய் வுடறேன்" என்றவன், தயங்கி, "அந்த டெப்பாசிட் விசயம்... வேண்டாம்ப்பா. நான் கேக்கவே இல்லன்னு வெச்சுக்கங்க" என்றான்.

"ஏன், வேணுமுன்னா இப்பவே தரேன். மைக் ஒண்ணு புடிச்சுட்டு வா" என்றார் வீரமணி. காரில் ஏறவில்லை.

பஸ்ஸில் ராமக்காள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. வைதாலும் பரவாயில்லை, பேசினால் போதும் என்றிருந்தது. பஸ் தர்மபுரியை நெருங்கியது.

"புள்ளைங்களுக்கு எல்லாம் செஞ்சு முடிச்சாச்சு" என்று அவரே ஆரம்பித்தார். "நம்ம வூட்டுல இனி என்னா விசேஷம் வரப்போவுது? எழுதினதுதான் மிச்சம். நான் ஒரு கிறுக்கன்."

ராமக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"மாட்ட வித்ததுலருந்து காலியாக் கெடக்கற கொட்டாய்க்கு ஓடு மாத்தணும்னு சொல்லிட்டு இருந்தீங்கல்ல? தை மாசம் மாத்திடுங்க. பால் காய்ச்சி, நாலு பேருக்குச் சோறு போட்டா அது விசேஷம் இல்லியா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகை அடிங்க. அரூருக்கு நானே கொண்டுபோயி, தட்டுல வெச்சுக் குடுத்துட்டு வரேன்."