அண்ணன் நட்ட கம்பி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி அண்ணி கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவன். புத்தகம், எழுத்து எல்லாம் அண்ணனுடைய பக்கம். பிறகு யோசித்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்த கதையில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர் இருக்கிறது. அதைத் திருத்தக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். அதற்காகவே எழுதுகிறேன். புகழ்ச்சியை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் மற்றப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் நல்லவர். ஆனால் அவரோடு ஒரு வேலையில் கை வைத்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த நல்லவரோடு நாள் முழுக்க நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று.

அண்ணன் ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், இப்போது அண்ணி குடியிருக்கும் அதே லயத்தில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தார். அண்ணன் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தார். அதற்கு மேல் அனுப்ப வீட்டில் வழியில்லை. அப்பாவின் கை இயந்திரத்தில் நசுங்கியதும் அண்ணன் காலையில் ஆள் எடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்து, மருந்தடிப்பு, தேயிலைச் செடியை ஒட்ட வெட்டும் கவ்வாத்து என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் புலம்பியதில்லை. எனக்கும் தங்கைக்கும் சோறு போட்டவர் அவர்தான். பூனாகலையிலிருந்து அண்ணி மருமகளாக வந்த பிறகும் அது மாறவில்லை.

படிப்பு நின்றாலும் படிக்கும் பழக்கம் அவரை விடவில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு பதுளைக்குப் போனால், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நடைபாதையில் பரப்பி வைத்திருக்கும் பழைய புத்தகங்களில் ஒன்றோடு திரும்புவார். கதைப் புத்தகம் வாங்கமாட்டார். எதையாவது செய்வது எப்படி என்று சொல்லும் புத்தகம்தான் வேண்டும். கோழி வளர்ப்பது எப்படி, தேனீ வளர்ப்பது எப்படி, சவர்க்காரம் காய்ச்சுவது எப்படி. தேனீக்கள் புத்தகத்தில் உள்ளபடி பெட்டிக்குள் வந்து குடியேறவில்லை. குளவிகள் வந்தன. சவர்க்காரம் அண்ணியின் கைகளைப் புண்ணாக்கியது.

முடி வெட்டும் புத்தகம் ஒன்றும் வந்தது. அதற்கு நான் கிடைத்தேன். என்னை முக்காலியில் உட்கார வைத்து, புத்தகத்தை ஜன்னலில் விரித்து வைத்து, ஒரு தடவை வெட்டினால் ஒரு தடவை படம் பார்ப்பார்.

"அசையாதடா. இப்ப நாலாவது படம்."

"மொத்தம் எத்தன படம்ணே?"

"பன்னெண்டு."

பன்னிரண்டாவது படத்துக்கு என் தலையில் முடி மிஞ்சவில்லை. அண்ணி பார்த்துவிட்டு, "ஏங்க, கவ்வாத்துதான் வெட்டியிருக்கீங்க" என்று சொன்னார். லயமே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்காமல், எந்தப் படத்தில் பிழை நடந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் வேறு மாதிரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் போனேன். வெலிமடையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். லொறியில் கிளீனராகப் போனேன். வெல்லவாயவில் செங்கல் சூளையில் நின்றேன். கடைசியாகப் பதுளையில் பாஸ் என்று நாங்கள் சொல்லும் ஒரு சிங்கள எலெக்ட்ரிக் தொழில்காரரிடம் இரண்டு வருடம் கையாளாக இருந்தேன். அவர் எதையும் சொல்லித் தரவில்லை. நான் பார்த்தேன், செய்தேன், பிழை விட்டால் ஸ்குரூ டிரைவரின் பிடியால் மண்டையில் ஒரு தட்டு வாங்கினேன். தொழில் கைக்கு வந்துவிட்டது. தொழில் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் எங்கள் தோட்டத்துப் பாதையோரம் கரண்ட் கம்பங்கள் ஏறி வந்தன. லயம் லயமாக இணைப்புக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒவ்வொரு லயமும் வீடுகளுக்குள் வயரிங் முடித்து வைக்க வேண்டும். ஓர் அதிகாரி வந்து மீட்டர் வைத்துச் சோதிப்பார். சரியாக இருந்தால் கரண்ட். பிழையாக இருந்தால் முறை அடுத்த லயத்துக்குப் போய்விடும், நாங்கள் கடைசியில் நிற்க வேண்டும். கடைசி என்றால் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் லயத்தில் ஆறு வீடு. ஆறு வீட்டுக்காரர்களையும் கூட்டி வைத்து அண்ணன் சொல்லிவிட்டார்: "வெளியாள் வேணாம். நான் படிச்சுச் செய்றேன்."

அண்ணி எனக்கு ஆள் அனுப்பினார். நான் வந்து சேர்ந்தபோது அண்ணன் மூன்று வாரமாகப் படித்து, ஒரு அப்பியாசக் கொப்பி நிறைய வரைந்து வைத்திருந்தார். வயர் ஒரு முழம் கூட வாங்கியிருக்கவில்லை.

சாமான் வாங்க இருவரும் பதுளைக்குப் போனோம். அண்ணன் படித்தது பள்ளிக்கூடத் தமிழில் எழுதிய பாடப்புத்தகம். கடையில் அந்தத் தமிழிலேயே கேட்டார்.

"ஆளி பன்னெண்டு வேணும், நானா. உருகி ஆறு."

முஸ்லிம் கடைக்காரரான நானா என்னைப் பார்த்தார். "என்ன கேக்குறாரு இவரு? ஆளா? பன்னெண்டு ஆளுக்கு நான் எங்க போவேன்?"

"சுவிட்சு நானா. சுவிட்சும் ஃபியூசும்" என்றேன். எனக்கு வெட்கம். "ஏண்ணே, சுவிட்சுன்னு சொன்னா வாயி கோணிக்குமா?"

"புத்தகத்துல ஆளின்னுதான் இருக்கு" என்றார்.

அடுத்து, பூமியில் நடும் கம்பியையும் அதில் வயரை இறுக்கும் பூட்டையும் கேட்டார். கம்பி இருந்தது. பூட்டு இல்லை, வந்தால் வைப்பதாக நானா சொன்னார்.

வேலை தொடங்கியது. அண்ணன் வயரின் தோலை உரித்தால் உள்ளே இருக்கும் செம்பும் சேர்ந்து போகும். சுவரில் ஆணி அடித்தால் ஆணியைத் தவிர எல்லாவற்றிலும் அடி விழும். மூன்றாம் நாள் நான் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டேன். "நீங்க வாசிங்க, நான் செய்றேன்" என்றேன், கோபத்தில்தான். அவர் அதை ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டார். கொப்பியோடு பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். பதுளை பாஸ் சொல்லித் தராத பலதும் அந்தக் கொப்பியில் இருந்தது. அதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரிய சண்டை அந்தக் கம்பியால் வந்தது. மின்சாரம் கசிந்தால் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் போய்விடுவதற்காக நடும் கம்பி அது. எர்த் என்று நாங்கள் சொல்வோம், அண்ணனுக்கு அது புவித்தொடுப்பு.

"டவுன்ல தண்ணிக் கொழாயில ஒரு சுத்து சுத்திட்டுப் போயிருவோம்ணே" என்றேன்.

"எந்தக் கொழாயில?"

"நம்ம லயத்துக் கொழாயிலதான்."

"நீ ஊர்ல இல்லாதப்ப அதெல்லாம் பிளாஸ்டிக்கா மாத்திட்டாங்க. பிளாஸ்டிக்ல கரண்ட் மண்ணுக்குப் போவுமா, பாஸ்?"

அந்தப் 'பாஸ்' எனக்குச் சுருக்கென்று பட்டது. குழி தோண்டினோம். இரண்டடியில் பாறை. இடம் மாற்றினோம், மறுபடி பாறை. பாறைக்கு என்ன செய்வது என்று புத்தகம் சொல்லவில்லை. அண்ணன் நாலு இடத்தில் தோண்டி, ஐந்தாவதாக லயத்துக்குப் பின்னால் ஒரு பாறை வெடிப்பைக் கண்டுபிடித்தார். கம்பியை அதில் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, சுற்றிச் செங்கல் வைத்தார். மண் காய்ந்தால் கம்பிக்குப் பலன் இல்லை. எல்லாவற்றையும் உலர்த்தும் கச்சான் காற்று வீசும் மாதங்கள் வேறு. ஆகவே தினமும் காலையில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு, ஒரு குடம் தண்ணீரைப் பேசாமல் அந்தக் கம்பியின் மேல் ஊற்றுவார்.

பூட்டு வாங்க மறுபடி பதுளைக்குப் போக வேண்டும் என்றார். எனக்கு அலுத்துவிட்டது. பச்சை வயரைக் கம்பியில் ஆறு சுற்றுச் சுற்றி முறுக்கிவிட்டேன். "இது போதும்ணே. டவுன்ல இப்படித்தான்."

"புத்தகத்துல பூட்டு போடணும்னு இருக்கு."

"புத்தகத்தையே சுத்தி வைங்க அப்ப."

அவர் கொப்பியை மூடினார்.

ஒரு வாரம் போயிருக்கும். கம்பியின் தலையில் ஒரு செவ்வரத்தம்பூ இருந்தது. மறுநாள் குங்குமம். அடுத்த வெள்ளிக்கிழமை சூடம் எரிந்தது. மூன்றாம் வீட்டுச் செல்லம்மா அக்காவின் வேலை. தொழிற்சாலையில் இயந்திரத்துக்கு ரோதமுனி என்ற காவல் தெய்வம் இருக்கும்போது, கரண்டுக்கும் ஒரு சாமி இருக்கத்தானே வேண்டும்? குளித்து, ஈரத்தோடு, பேசாமல் தண்ணீர் ஊற்றுகிறவரை அக்கா வேறு என்னவென்று நினைப்பார்?

அண்ணன் கொதித்துவிட்டார். "அக்கா, இது சாமி இல்லீங்க. புவித்தொடுப்பு!"

"பேரு நல்லாத்தான் இருக்கு தம்பி. எந்த ஊரு சாமி?"

"சாமியே இல்லீங்கறேன்!"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க. சாமி காரியத்துல கோவப்படக் கூடாது."

நான் அண்ணனிடம் சொன்னேன், விட்டுவிடுங்கள், அவர்களும் தண்ணீர் ஊற்றினால் நல்லதுதானே என்று. அவர் கேட்கவில்லை. தெரிந்து ஊற்ற வேண்டுமாம். வீடு வீடாகப் போய்க் கொப்பியை விரித்து விளக்கினார். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். மறுநாள் இரண்டு பூ கூடியிருந்தது.

சோதனை நாள் வந்தது. அதிகாரி ஒரு சிங்கள ஐயா, வயதானவர். ஆறு வீட்டையும் பார்த்தார். குறை ஒன்றும் காணவில்லை. பின்பக்கம் வந்து மீட்டரை வைத்தார். முள் போகக்கூடாத பக்கம் ஓடி நின்றுவிட்டது. எர்த் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தோம். நல்ல நாளில் சாமி சுத்தமாக இருக்க வேண்டும் என்று பெண்கள் அதிகாலையில் கம்பியைக் கழுவி, நல்லெண்ணெய் தடவி, மஞ்சள் பூசியிருந்தார்கள். நான் முறுக்கிய பச்சை வயரை அவிழ்த்து ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த இடத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார்கள்.

"சாமி கழுத்துல வயரச் சுத்தி வச்சிருந்தீங்களே, பாவம் இல்லையா?" என்றார் செல்லம்மா அக்கா.

ஐயா மீட்டர்ப் பெட்டியை மூடத் தொடங்கினார். ஆறு வீட்டுச் சனமும் சுற்றி நின்றது. வயரைக் கையில் எடுத்தேன். எண்ணெய்க் கம்பியில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் வழுக்கியது. அண்ணன் என் பக்கத்தில் குந்தினார். சட்டைப் பையிலிருந்து தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பூட்டு. எனக்குத் தெரியாமல் அவர் பதுளைக்குப் போய் வந்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொண்டு, என்னோடு மறுபடி சண்டை வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். கழுத்தை நெரிக்கலாம் போல வந்தது.

மணலை அள்ளித் தேய்த்து எண்ணெயை எடுத்தேன். கத்தியால் சுரண்டினேன். பூட்டை மாட்டி இறுக்கினேன். இன்னொரு தரம் பார்க்கும்படி அண்ணன் ஐயாவைக் கெஞ்சிக் கேட்டார். ஐயா பெருமூச்சு விட்டு மீட்டரை வைத்தார். முள் வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றது.

அவர் இன்னொரு தரம் குனிந்து கம்பியையும் பாறையையும் கரியையும் பார்த்தார். "கவுத மேக்க களே?" என்று கேட்டார். யார் இதைச் செய்தது என்று.

"மகே மல்லி" என்றார் அண்ணன், என்னைக் காட்டி. என் தம்பி.

ஐயா என் தோளில் தட்டி, "ஹொந்த பாஸ்" என்றார். நல்ல பாஸ். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

கரண்ட் வந்தது. அந்த ஒரு சொல்லால் எனக்கு வேலையும் வந்தது. மற்ற லயங்களிலும், பண்டாரவளையிலும், மொனராகலை வரையிலும் 'கரண்ட் கொண்டுவந்த பாஸ்' என்று கூப்பிட்டார்கள். அண்ணன் மருந்துக் கேனை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். லயத்தில் அவருக்குக் கிடைத்த பெயர் 'சாமி வச்சவரு'.

கடைசி இரண்டு வருடம் நெஞ்சுச் சளியால் அவதிப்பட்டார். பதுளை ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், மருந்தோடு வரும் துண்டுத்தாளைக் கேட்டு வாங்கி, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். அங்கேதான் ஒரு நாள் கேட்டேன்.

"ஏண்ணே அன்னிக்கு நீங்கதான்னு சொல்லல?"

"அவரு என்ன கேட்டாரு? யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. செஞ்சது நீதானே. நான் வாசிச்சேன்."

"அதுக்காக?"

"கேட்டதுக்குத்தான்டா பதில் சொல்லணும்."

இப்படிப்பட்டவரோடு எப்படிச் சண்டை போடுவது? எழுந்து வெளியே போய்விட்டேன். சில நாட்களில் அவரும் போய்விட்டார்.

நோயில் அவரைப் பார்த்துக்கொண்ட வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி; அவர் கேட்ட அத்தனை கேள்விகளுக்கும் பொறுமையோடு பதில் சொன்னதற்காகத் தனியாகவும் நன்றி. மழையில் பாதை சறுக்கியும் அவர் உடல் கிடந்த பெட்டியைத் தோள் மாற்றித் தூக்கி வந்த தோட்டத்து நண்பர்களுக்கு நன்றி. ஒரு வருடமாக அண்ணியைத் தனியே சாப்பிட விடாத செல்லம்மா அக்காவுக்கு நன்றி. தூரத்திலிருந்து வந்து துக்கத்தில் நின்ற உறவினர் எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

எங்கள் லயத்து ஆறு வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இதைத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். குழாய் பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியாது. பாறையில் இடம் கண்டுபிடித்தது நான் இல்லை. வயரை வெறுமனே முறுக்கி, உங்கள் முறையைத் தொலைக்கப் பார்த்தவன் நான். பூட்டை வாங்கி வந்து காப்பாற்றியவர் அவர். என்னை இனியும் பாஸ் என்று கூப்பிடுங்கள், அது என் தொழில். ஆனால் கரண்ட் கொண்டுவந்தவன் என்று சொல்லாதீர்கள்.

கொண்டுவந்தவர் அண்ணன். நான் வயர் இழுத்தவன்.

– தம்பி