ஒன்றுக்கு ஒன்றில் நின்ற ஆட்டம்

மனைவி ஜெபசெல்வி மஞ்சள்காமாலையில் போன பிறகு, சாயங்காலம் ஆறு மணி ஆகாமலே இருந்தால் தேவலை என்றிருந்தது ஜீவமணிக்கு. பகலை எப்படியும் தள்ளிவிடலாம். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவருக்கு வேலை. வருகிற கப்பலில் ஏறி, கேப்டனுக்கு வேண்டியதை விசாரித்து, நல்ல தண்ணீர், காய்கறி, டாக்டர் என்று எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்து கொடுப்பது. வெயிலும் ஏணியுமாகப் பொழுது ஓடிவிடும். ஆபீஸைப் பூட்டியதும் மாப்பிள்ளையூரணிப் பக்கம் இருந்த வாடகை வீட்டுக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகள் இல்லை. ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ. வீட்டுக்காரி சண்முகத்தாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அண்ணாச்சி, வந்துட்டியளா?" என்று கேட்பாள். "வந்துட்டேன்" என்பார். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் ஒரு டென்மார்க் கப்பல் எஞ்சினில் கோளாறோடு வந்து சேர்ந்தது. கிராங்க் ஷாஃப்டில் விரிசல். புதிது செய்து ஐரோப்பாவிலிருந்து வர மூன்று மாதமாவது ஆகும் என்றார்கள். கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டு, கேப்டனையும் பெரும்பாலான ஆட்களையும் விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். காவலுக்கு நாலைந்து மாலுமிகளும், ஹென்ரிக் என்ற சீஃப் எஞ்சினியரும் மட்டும் தங்கினார்கள். தினம் ஒரு தடவை லாஞ்சுப் படகில் போய் அவர்களைப் பார்த்துவர வேண்டியது ஜீவமணியின் பொறுப்பு.

முதல் நாள் போனபோது ஹென்ரிக் சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்தார். டெலிவிஷனை ஜீவமணி அதற்கு முன் மெட்ராஸில் ஒரு கடை வாசலில் பார்த்ததோடு சரி. இது கலர். பக்கத்தில் டேப் ஓட்டுகிற பெட்டி ஒன்று. திரையில் இரண்டு பேர் குத்துச்சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹென்ரிக்கின் கையில் இருந்த கண்ணாடி டம்ளரில் மை மாதிரி கறுப்பாக ஏதோ இருந்தது. மேலே காப்பி நிறத்தில் நுரை.

"உட்காருங்கள்" என்றார் இங்கிலீஷில். "தனியாகக் குத்துச்சண்டை பார்ப்பது நல்லதில்லை."

அந்தக் கறுப்புத் திரவம் அவரே காய்ச்சிய பீர். கப்பலின் சாராய அலமாரிக்குக் கஸ்டம்ஸ்காரர்கள் சீல் வைத்துவிட்டார்கள். எஞ்சின் அறையின் வெதுவெதுப்பான மூலையில் பெரிய கண்ணாடி ஜாடிகளில் புளித்துக்கொண்டிருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. வறுத்த பார்லியின் சாறு டின் டின்னாக அவரிடம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒவ்வொரு பீர் என்பது அவருடைய கட்டளை. குத்துச்சண்டைக்குக் கெட்டியானது, ஒரு ரவுண்டுக்கு ஒரு வாய்தான். ஐஸ் மேல் வழுக்கிக்கொண்டு ஆடும் ஹாக்கிக்குக் கொஞ்சம் தண்ணீராக, கசப்பாக. கண் இமைப்பதற்குள் எல்லாம் நடந்துவிடும், நாக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஃபுட்பாலுக்கு மட்டும் இனிப்பும் கசப்பும் சேர்ந்த, வெகுநாள் பழுத்த பீர். "ஃபுட்பாலில் ரொம்ப நேரம் ஒன்றுமே நடக்காது. அதுவரைக்கும் வாயில் ஏதாவது நடக்க வேண்டும்" என்றார்.

ஜீவமணி நாசரேத்தில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போய் வளர்ந்தவர். பனங்காட்டு ஊர்க்காரராக இருந்தும் கள் கூட வாயில் பட்டதில்லை. அவர் டம்ளரைத் தொடவில்லை. ஆனால் குத்துச்சண்டை முடியும் வரை எழுந்திருக்கவும் இல்லை. மறுநாளிலிருந்து காலையில் போக வேண்டிய வேலையைச் சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டார். லாஞ்சு ஓட்டுகிற பாஸ்கல் எதுவும் கேட்கவில்லை. கப்பலின் பின்புறம் லாஞ்சைக் கட்டிவிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

பார்லிச் சாறு தீர்ந்துகொண்டு வந்தபோது, கறுப்புச் சர்க்கரை ஏதாவது இந்த ஊரில் கிடைக்குமா என்று ஹென்ரிக் கேட்டார். ஜீவமணி உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் வாங்கிக்கொண்டு போனார். ஹென்ரிக் ஒரு துண்டைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இதில் செய்கிறேன். ஆனால் மூன்று மாதம் தொடக்கூடாது. இது ஒரே ஒரு ஆட்டத்துக்கு."

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னார். போன வருஷத்து உலகக்கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் ஹாலந்தும் மோதியது. ஹென்ரிக்கும் அவருடைய அண்ணனும் இளவயதில் ராட்டர்டாமில் வேலை பார்த்தவர்கள், ஹாலந்து பக்கம். எந்த உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தையும் சேர்ந்துதான் பார்ப்பார்கள். இந்தத் தடவை ஹென்ரிக் கடலில் இருந்ததால் அண்ணன் டெலிவிஷனிலிருந்து டேப் எடுத்து வைத்தார். தம்பி வந்ததும் சேர்ந்து பார்க்கலாம், அதுவரை யார் ஜெயித்தது என்று காதில் விழாமல் பார்த்துக்கொள் என்று சொல்லியிருந்தார். அக்டோபரில் அண்ணன் இறந்துபோனார். டேப் மட்டும் தபாலில் வந்தது.

"இன்னும் எனக்கு முடிவு தெரியாது. கப்பலில் எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தெரிந்தவனோடு உட்கார்ந்து பார்ப்பதில் அர்த்தமில்லை." ஹென்ரிக் ஜீவமணியின் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

ஜீவமணிக்குத் தெரியும். கல்லூரி ஃபுட்பால் டீமில் லெஃப்ட் பேக்காக ஆடியவர். பேப்பரில் முதலில் பிரிப்பது விளையாட்டுச் செய்தி வரும் கடைசிப் பக்கம்தான். மூன்றுக்கு ஒன்று, அர்ஜென்டினா.

"தெரியாது" என்றார்.

அன்று லாஞ்சில் திரும்பும்போது, ஒரு வார்த்தைதான், யாருக்கும் நஷ்டமில்லை என்று மனதைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். தெரியும் என்று சொல்லியிருந்தால் அந்த அறைக்குள் மறுபடி போக முடிந்திருக்காதே என்பதுதான் கடைசியில் மிஞ்சியது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. அதே ஐந்தாறு டேப்புகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஹாக்கியின்போது ஜீவமணி தானாகவே கையை நீட்டினார். ஹென்ரிக் கால் டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். கருப்பட்டிக் காப்பியைத் தீய விட்டு அதில் வேப்பங்கொழுந்தை அரைத்துக் கலந்தது போல இருந்தது. இரண்டாவது வாயில் அந்தக் கசப்பு பிடிபட்டது. மூன்றாவது வாயில் ஜெபசெல்வியின் ஞாபகம் வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் மறுபடியும் வாங்கிக் குடித்தார்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். கரை சேர்ந்ததும் பாஸ்கல் மடியிலிருந்து கொஞ்சம் சோம்பை எடுத்து நீட்டினான்.

"மென்னுக்கிடுங்க அண்ணாச்சி. ஹார்பர் கேட்டுல போலீஸ் நிக்குதான்."

"ஏலே, அம்புட்டா வாசம் அடிக்கி?"

"எனக்கு அடிக்கல. அவன் மூக்கு எப்படியோ."

சித்திரையில் கிராங்க் ஷாஃப்ட் வந்தது. கப்பலை உள்ளே இழுத்து மாட்டும் வேலை தொடங்குவதற்கு முந்திய சாயங்காலம், ஹென்ரிக் கருப்பட்டி பீரைத் திறந்தார். சட்டை மாற்றித் தலை வாரியிருந்தார். வட்டச் சாளரத்துக்கு வெளியே சங்கு குளிக்கப் போன வள்ளங்கள் பாய் விரித்துக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பீர் இருட்டுச் சிவப்பாக இருந்தது. முதலில் இனிப்பு, பின்னாலேயே புகை, தொண்டையில் கசப்பு. ஹென்ரிக் தலையை ஆட்டினார்.

மைதானம் முழுக்கக் கிழித்துப்போட்ட காகிதம். அர்ஜென்டினா முதலில் ஒரு கோல் போட்டது. ஹென்ரிக் தொடையில் குத்திக்கொண்டார். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஹாலந்து தலையால் முட்டி ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. கடைசி நிமிஷத்தில் ஹாலந்துக்காரன் ஒருவன் காலை நீட்டிப் பந்தைத் தட்டினான். ஜீவமணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். முடிவு தெரியும் என்பதே அந்த நொடியில் அவருக்கு மறந்துபோயிருந்தது. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தார்கள்.

ஒன்றுக்கு ஒன்று. கூடுதல் அரைமணி நேரம் ஆட வேண்டும். ஆட்டக்காரர்கள் புல்லில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் திடீரென்று புள்ளி புள்ளியாக வந்தது. ஹென்ரிக் எழுந்து பெட்டியைத் தட்டினார், டேப்பை வெளியே எடுத்துப் பார்த்தார். இரண்டு மணி நேர டேப். தீர்ந்துவிட்டது.

"அண்ணன் டேப்பை மாற்றிப் போடவில்லை. ஆட்டத்திலேயே மறந்து உட்கார்ந்திருப்பான்" என்றார் ஹென்ரிக். டேப்பை மேஜை மேல் வைத்துவிட்டு, "நல்லவேளை, நீங்களும் என்னைப் போலத்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் ஜீவமணியால் தாங்க முடியவில்லை.

"அர்ஜென்டினா. மூன்றுக்கு ஒன்று. எனக்கு முதலிலேயே தெரியும்."

ஹென்ரிக்கின் முகம் மாறியது. "பிறகு ஏன் தெரியாது என்றீர்கள்?"

"ஆறு மணிக்கு மேல் எனக்குப் போக வேறு இடம் இல்லை" என்றார் ஜீவமணி.

ஹென்ரிக் தன் டம்ளரில் மிச்சமிருந்ததைக் குடித்து முடித்தார், டேப்பை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு எஞ்சின் வேலை நடந்த நாட்களில் அவரைக் கையில் எண்ணெயோடுதான் பார்க்க முடிந்தது. "குட் மார்னிங்", தண்ணீர் எவ்வளவு வேண்டும், அவ்வளவுதான். ஜீவமணி மறுபடி காலையிலேயே போய்வர ஆரம்பித்தார்.

கப்பல் கிளம்பிய அன்று புதுக் கேப்டனிடம் கையெழுத்து வாங்கிவிட்டு ஏணிக்கு வந்தபோது, ஹென்ரிக் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"மீதியைச் சொல்லுங்கள்" என்றார்.

"நானும் பார்த்ததில்லை. பேப்பரில் படித்ததுதான்."

"படித்ததைச் சொல்லுங்கள்."

அர்ஜென்டினாக்காரன் ஒருவன் பந்தோடு எல்லோரையும் தாண்டிப் போனதையும், கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பிய பந்தை அவனே மறுபடி உள்ளே தள்ளியதையும், கடைசியில் இன்னொன்று விழுந்ததையும் ஜீவமணி கையை வீசி வீசிச் சொன்னார். ஹென்ரிக் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணனுக்கும் தெரியும்" என்றார் கடைசியில். "தோற்றது தெரிந்துதான் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்க்க நினைத்திருக்கிறான்." கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்த அந்தக் கையை ஜீவமணி பிடித்துக்கொண்டார். மேலே யாரோ கூப்பிட்டார்கள். ஹென்ரிக் போய்விட்டார்.

அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கப்பல் முயல்தீவுப் பக்கம் திரும்பும் வரை லாஞ்சு அங்கேயே நின்றது. பிறகு பாஸ்கல் எஞ்சினைக் கிளப்பினான். கரைக்கு வந்து கயிறு கட்டும்போது, "வீட்டுல சீலா மீன் வாங்கிருக்கு, அண்ணாச்சி. வந்து ஒரு வாய் சாப்புடுதியளா?" என்றான்.

"இன்னொரு நாளைக்கு வாரேன்லே" என்றார் ஜீவமணி, யோசிக்காமல்.

பாஸ்கல் வற்புறுத்தவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போயிருக்கலாமே என்று ஜீவமணிக்குத் தோன்றியபோது அவன் உப்பளத்து ரோட்டில் வெகுதூரம் போயிருந்தான். கூப்பிட்டால் காற்றில் கேட்டிருக்காது.