உச்சிக்குப் போற வழியில ஒரு கோழி

மலைக்கு ஆக்களைக் கூட்டிக்கொண்டு போற வேலையில எல்லாரும் கரடியைத்தான் விசாரிப்பினம். கோழியைப் பற்றி ஒரு சனமும் கேக்கிறேல்லை.

கொலிஜை அரைவாசியில விட்டிட்டு, கியூபெக்கில லவால் நகரத்தில வான் ஓட்டுவிக்கிற அண்ணை ஒருத்தரிட்டைச் சேர்ந்தன். சனிக்கிழமையில எங்கட சனத்தை மெட்ரோ வாசலில ஏத்தி, மலை உச்சியைக் காட்டி, இருட்ட முதல் கொண்டுவந்து இறக்கவேணும். என்னைப்போலச் சனத்தை மேய்ச்சுப் பிழைக்கிற ஆக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உச்சிக்குக் கிட்ட, ஊசியிலைக் காட்டுக்குள்ள, மலைக்கவுதாரி இருக்கு. கியூபெக்காரர் பெர்திரி எண்டுவினம், நாங்கள் கோழி எண்டுவம். ஆளைக் கண்டால் ஓடாது, பறக்காது. காணிக்காரர் மாதிரி நடுப்பாதையில நிண்டு பாக்கும்.

குழம்பு

லொங்குய்யிலயிருந்து வந்த மாமா ஒருத்தர் கோழியைக் கண்ட உடன பையை இறக்கிப்போட்டு, குழம்புக்கு எவ்வளவு தூள் போடவேணும் எண்டு கதைக்கத் தொடங்கிட்டார். "இஞ்ச பிடிக்கேலாது மாமா" எண்டன். "நான் எங்க பிடிக்கிறன், பாக்கிறன்" எண்டு சுத்திச் சுத்திப் பாத்தார். கோழியும் அவரைப் பாத்தது. பாத்துப் பாத்தே வெயில் சாய்ஞ்சிட்டுது. உச்சி காணாமல் திரும்பினம். வானுக்குள்ள ஏறேக்கதான் முடிவு சொன்னார்: "கலைச்சாலும் போகுதில்லை, உதுக்கு என்னமோ நோய் தம்பி, சும்மா தந்தாலும் வேண்டாம்."

ரிவ்யூ

அடுத்த சனி சென்னை சார் ஒருத்தர், பெரிய இன்ஜினியர், குடும்பத்தோட. அண்டைக்குக் கோழி குஞ்சுகளோட நிண்டது. தாய் செட்டையை விரிச்சு, சீறிக்கொண்டு, நேர சாரின்ர முழங்காலுக்குப் பாய்ஞ்சுது. சார் வான் வரைக்கும் நிக்கேல்லை. குடும்பமும் பின்னால. மூச்சு வந்தாப் பிறகு என்னைத் தனியக் கூப்பிட்டார்: "தம்பி, ரிவ்யூல கரடின்னே போட்டுடறேன், நீங்க மாத்திச் சொல்லிடாதீங்க."

அரைச்சுத்து

"ரெண்டு தரம் உச்சி இல்லை. இந்தத் தரமும் இல்லையெண்டால் வான் திறப்பைக் கொழுவியில மாட்டிட்டு வீட்டை போ" எண்டு அண்ணை சொல்லிப்போட்டார். எனக்கு இதை விட்டால் வேற வேலை இல்லை.

ஒரு வான் அன்ரிமாரோட போறன். உச்சி தெரியிற தூரத்தில சேவல் ஒண்டு: கண்ணுக்கு மேல சிவப்பு, வால் விசிறி மாதிரி. முன்னுக்கு வந்த சிவமணி அன்ரி சப்பாத்தைக் கழட்டிட்டா. "மலை. மலையில சேவல். ஆரின்ர எண்டு விளங்கேல்லையே? முருகன்ர சேவலைக் கலைச்சுப்போட்டு நான் மேல போகமாட்டன்." பின்னால எல்லாச் சப்பாத்தும் கழண்டுது.

"கலைக்க வேண்டாம் அன்ரி, சுத்திக் கும்பிடுவம்" எண்டன். பாறை நல்ல அகலம். வலமா அரைச்சுத்து வந்தால் உச்சிப் பக்கம் நிப்பம்.

"மிச்ச அரை?"

"இறங்கேக்க."

அன்ரி என்னை மேலயும் கீழயும் பாத்தா: "சாமியையே ஏமாத்திப் பேய்க்காட்டுறாய், நீ நல்லா வருவாய்."

படம்

உச்சிக்குப் போய்ச் சேரேக்க ஒரே பனிமூட்டம். இறங்கேக்கயும் சேவல் அங்கயே நிண்டது, மிச்ச அரைச்சுத்தும் முடிஞ்சுது. அன்ரிமார் அனுப்பின படங்களை அண்ணை தள்ளித் தள்ளிப் பாத்தார். எல்லாத்திலயும் கோழி, ஒண்டில கூட உச்சி இல்லை. ஆனால் அதுக்குள்ள, மலையில முருகன்ர சேவல் நிக்குது எண்டு எங்கட கோயில் முழுக்கக் கதை பரவிட்டுது. அண்ணை ஃபோனை வைச்சார்: "வாற சனிக்கு ரெண்டு வான் கேக்கினம், திறப்பை நீயே வைச்சிரு, ஆனால் கோழி நிக்கேல்லையெண்டால் நீயும் வராத."

ஆக, என்ர உத்தியோகம் நிலைக்குமோ இல்லையோ எண்டது, மலையில ஒரு கோழிக்கு அண்டைக்கு என்ன மனநிலை எண்டதில தங்கியிருக்கு.