எந்தத் தாணம்மாளின் ரத்தம்?

திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யமாக இருந்த காலம். நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் நான் சேர்ந்து பத்தொன்பதாவது நாள். பெண்கள் வார்டிலிருந்து அவசரச் சீட்டு வந்தது: தாணம்மாள், கணவர் மாடசாமி, ஊர் பூதப்பாண்டி. பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய்விட்டது, உடனே ஏற்ற வேண்டும். கொழுந்தன் ரத்தம் கொடுக்கத் தயாராக வராந்தாவில் நின்றார். குரூப் பார்க்க சாம்பிள் எடுத்து வரச் சொன்னார் டாக்டரம்மா.

சிரிஞ்சைக் கொதிக்க வைத்தேன். ஊசிகளை மூன்று தடவை எண்ணிக்கொண்டு போனேன்.

"தாணம்மாள் யாரு?"

ஏழாவது கட்டிலில் ஒருத்தி கை தூக்கினாள்.

"வீட்டுக்காரர் பேரு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் பெயரைப் பெண்கள் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. அவசரத்தில் நானே எடுத்துக் கொடுத்தேன்.

"மாடசாமிதானே?"

தலையாட்டினாள். ஐந்து சி.சி. எடுத்துக் குழாயில் விட்டு லேபிள் ஒட்டினேன்.

வார்டிலிருந்து லேபுக்கு எழுபத்திரண்டு காலடி. நாற்பதாவதில் நின்றுவிட்டேன். கட்டிலையும் தொட்டிலையும் எண்ணுவது என் வழக்கம். ஏழாவது கட்டில் பக்கத்தில் தொட்டில் இல்லை.

திரும்பி ஓடினேன். "ஒங்களுக்கு எப்பம் பிரசவமாச்சு?"

"பிரசவமா? நான் வயித்து வலிக்குல்லா வந்திருக்கேன், சுசீந்திரத்திலேருந்து."

"பின்னே ஏன் தலையாட்டுனீங்க?"

"இல்லைன்னு சொன்னா, பின்ன யாருன்னு கேப்பியரு. நான் அந்தப் பேரை வாயால எப்பிடிச் சொல்லதுக்கு?"

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்தாள். "பத்து ஊசி குத்துனாலும் வாங்கிக்கிடுவா. பேரச் சொல்லமாட்டா."

மாடசாமியின் மனைவியான தாணம்மாள் கடைசிக் கட்டிலில், திரைக்குப் பின்னால், கை தூக்கவும் தெம்பில்லாமல் கிடந்தாள். இந்தத் தடவை நான் எந்தப் பெயரையும் சொல்லவில்லை. "ஒங்க பேரு? அப்பா பேரு? ஊரு?" மூன்றையும் மெல்ல அவளே சொன்னாள். ரத்தம் எடுத்து, கட்டிலை விட்டு நகராமல் லேபிள் எழுதினேன்.

நடந்ததை டாக்டரம்மாவிடம் மறைக்கவில்லை. இரண்டு குழாயையும் பார்த்தோம். முதல் குழாய் ஏ. கொழுந்தனும் ஏ. பொருந்துகிறது என்று ஏற்றியிருப்போம். பிரசவமானவளோ ஓ.

"ஓவுக்கு ஏவை ஏத்தியிருந்தா உயிரே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. பிறகு, "ஓ இருக்க ஆளைப் பாருங்க" என்றார்.

மூன்றாவது ஆளாகப் பார்த்த அவள் அண்ணன் ஓ. அவர் ரத்தத்தை ஏற்றினோம். பன்னிரண்டாம் நாள் அவள் பிள்ளையோடு வண்டியேறுவதை லேப் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ரத்தம் எடுக்கப் போகிறவர்களே, பெயரை நீங்கள் சொல்லி ஆமாவா என்று கேட்காதீர்கள். அவர்களே சொல்லட்டும். கல்யாணமான பெண் என்றால் தகப்பன் பெயரைக் கேளுங்கள். முப்பத்தொரு வருஷம் கேட்டேன். அதைச் சொல்ல ஒருத்தியும் முகத்தைத் திருப்பவில்லை.