நடுவில் தடுப்புத் தைத்த பை

அன்று டீச்சரின் வேலை போயிருக்கும். போக வைக்கும் வேலையைச் செய்தவன் நான்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளி. நான் லேப் அட்டெண்டர். எட்டாவது பாஸ். பயாலஜி டீச்சர் தற்காலிக நியமனம். ஆய்வுக்கு வரும் அதிகாரி குறை எழுதினால் அடுத்த வருடம் கிடையாது.

பரிணாமப் பாடத்துக்கு டீச்சர் வாங்கிய கருவி உளுந்தும் பச்சைப்பயறும்தான். வகுப்பில் எட்டுக் குழு; குழுவுக்கு ஒரு துணிப்பை, அதில் இரண்டிலும் இருபது இருபது. பார்க்காமல் பத்து எடுக்க வேண்டும். அதுதான் அடுத்த தலைமுறை. ஒத்திகையில் ஒரு குழுவுக்கு எட்டு உளுந்து வந்தது. இன்னொன்றுக்கு மூன்று.

எச்.எம். பதறினார்.

“ஒரு கணக்குக்கு எட்டு விடையா? அதிகாரி சிரிப்பாரும்மா.”

“மாறி மாறித்தான் சார் வரணும். கூட்டம் சின்னதா இருந்தா எது மிஞ்சும்னு சொல்ல முடியாது. பாடமே அதான்.”

“பரீட்சையில சொல்ல முடியாதுன்னு எழுதினா மார்க் போடுவீங்களா?”

டீச்சர் போனதும் என்னைக் கூப்பிட்டார்.

“யோவ் கோவிந்தராசு, எல்லாருக்கும் அஞ்சுக்கு அஞ்சு வரணும். அந்தம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

எனக்கும் சரியாகத்தான் பட்டது. எல்லாருக்கும் ஒரே விடை வந்தால்தானே நல்ல பள்ளி. எட்டுப் பையிலும் நடுவில் தடுப்புத் தைத்தேன். ஒரு பக்கம் உளுந்து, மறுபக்கம் பயறு. பக்கத்துக்கு ஐந்து எடுக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவைத்தேன்.

அதிகாரி வந்தார். எட்டுக் குழுவும் அஞ்சு, அஞ்சு என்றது. டீச்சர் முகம் வெளுத்தது. எச்.எம். முகம் மலர்ந்தது.

அதிகாரி ஒரு பையில் கைவிட்டார். பத்தும் உளுந்து. மறுபடி விட்டார். பத்தும் உளுந்து. பையைத் திருப்பிப் பார்த்தார்.

“யார் வேலை இது?”

எச்.எம். மின்விசிறியைப் பார்த்தார். “டீச்சரைத்தான் கேக்கணும் சார்.”

டீச்சர் பையை வாங்கித் தடுப்பைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“நான் தைச்சேன் சார். எச்.எம். சார் சொன்னாங்க. டீச்சருக்குத் தெரியாது,” என்றேன்.

“தடுப்பைப் பிரிங்க. எல்லாரும் மறுபடி எடுங்க.”

ஏழு, மூன்று, ஐந்து, எட்டு என்று உளுந்து வந்தது. அதிகாரி டீச்சரிடம் விளக்கம் கேட்டார். அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். குறை எழுதவில்லை.

டீச்சர் அடுத்த வருடமும் இருந்தார். மறுநாள் பிரேயரில், இந்தச் செய்முறை தன் யோசனை என்றார் எச்.எம். எனக்கு மெமோ வந்தது. பள்ளி உடைமையைச் சேதப்படுத்தினேனாம். பை என் பழைய கைலியில் தைத்தது என்று பதில் எழுதிக் கொடுத்தேன்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். எல்லா நோட்டிலும் ஒரே எண் இருந்தால் கை தட்டாதீர்கள். பையைத் திருப்பிப் பாருங்கள்.