மன்னரின் படகு கடந்து போகும்வரை

சரியாகப் பதினொன்றே காலுக்குப் பாலம் எழுந்தது. நெதர்லாந்தில் நாங்கள் குடியிருக்கும் இந்தச் சிற்றூரில் அது தினமும் நடப்பதுதான். படகு வந்தால் மணி அடிக்கும். தார்ச்சாலையோடு பாலம் நடுவில் பிளந்து, இரண்டு பாதிகளாக வானத்தைப் பார்த்து நிற்கும். சைக்கிளில் வந்தவர்கள் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பேசாமல் காத்திருப்பார்கள். சாலை எழுந்து நிற்பதை வந்த புதிதில் வாய் பிளந்து பார்த்தேன், பிறகு பழகிவிட்டது. அன்று மட்டும் அந்தப் பழக்கம் கைகொடுக்கவில்லை. எழுந்த பாலத்துக்கு அந்தப் பக்கம் என் மகள் கயல் இருந்தாள். இந்தப் பக்கம் நான்.

அன்று மன்னர் வருகிறார், அதுவும் படகில், கால்வாயில் புதிதாகக் கட்டிய மதகைத் திறந்துவைக்க. மதகு திறக்க ராஜாவே வருகிறார் என்றால் காவிரிக்கரைப் பாபநாசத்துக்காரிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளுமா? கணவருக்கு வேலை இருந்தது. நானும் கயலும் சைக்கிளில் கிளம்பினோம். கூட்டத்துக்குப் போனால் பிள்ளைக்குப் பளிச்சென்று உடுத்தவேண்டும், அப்போதுதான் தேட எளிது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கும்பகோணத்தில் எடுத்த ஆரஞ்சுப் பட்டுப்பாவாடையைக் கட்டிவிட்டேன். இங்கே அரச குடும்பத்தின் நிறமும் அதுதான், பொருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் ஊரே அப்படி நினைத்திருந்தது. தொப்பி, சட்டை, நாய்க்குட்டியின் கழுத்துப்பட்டை எல்லாம் ஆரஞ்சு.

சைக்கிளை இக்கரையில் நிறுத்திவிட்டு, பாலத்தைக் கடந்து அக்கரையில் கடைசி வரிசையில் நின்றோம். இங்கே எல்லோரும் பனைமரம்போல உயரம். கயலுக்கு முதுகுகள் மட்டுமே தெரிந்தன. "அம்மா, ஒண்ணுமே தெரியலம்மா" என்று சிணுங்கினாள்.

அப்போதுதான் எனக்குக் கல்லணை நினைவு வந்தது. எனக்கும் அவள் வயதுதான் இருக்கும். தண்ணீர் திறப்பைப் பார்க்க அப்பா என்னை டிராக்டரில் கூட்டிப்போயிருந்தார். குத்தகை நிலத்தில் பயிர்செய்த அவருக்கு அந்தத் தண்ணீர்தான் வருடத்தின் சோறு. அமைச்சர்கள் பூவும் விதைநெல்லும் தூவுவது எனக்குத் தெரியவில்லை. அப்பா, முன்னால் கம்பியோரம் நின்ற ஓர் அம்மாளைக் கூப்பிட்டார்.

"ஏங்க, புள்ளைக்குத் தண்ணி தெரியலங்க. செத்த புடிச்சுக்குங்க."

"குடுங்க, குடுங்க. இதுக்கு என்ன கேள்வி?"

தலைகளுக்கு மேலே கைமாறிக் கைமாறி நான் முன்னால் போய்ச் சேர்ந்தேன். அப்பா நிம்மதியாக டீ குடிக்கப் போய்விட்டார். கூட்டம் கலைந்ததும் அதே இடத்துக்கு வந்தார். "இந்தாங்க ஒங்க பொண்ணு. எங் கடலையில பாதி அது வயித்துலதான் இருக்கு" என்று அந்த அம்மாள் சிரித்தார். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை.

அந்தத் தைரியத்தில்தான் நானும் செய்தேன். கம்பியோரம் நின்ற பருத்த பெண்மணி ஒருவரிடம், எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சில் கேட்டேன். அவர் தலையசைத்தார், கயல் முன்னால் போனாள். கையில் கொடுத்தாயிற்று என்ற நினைப்பில், சைக்கிள் கூடையில் விட்டுவந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கப் பாலத்தைத் தாண்டி இக்கரைக்குத் திரும்பி நடந்தேன். பாட்டிலைத் தொட்டபோது மணி அடித்தது.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள் கயல். அவள் இருமினாலே எனக்குத் தூக்கம் போய்விடும். இப்போது நடுவில் தண்ணீர். அக்கரை முழுக்க ஒரே ஆரஞ்சு. எது என் பிள்ளை என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற இளம் போலீஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க பொண்ண யாராவது கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"இல்ல. நான்தான் குடுத்தேன்."

"யார்கிட்ட?"

"ஒரு அம்மாகிட்ட."

"அவங்க பேரு?"

"தெரியாது."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாதவங்ககிட்ட பிள்ளையக் குடுத்தீங்களா? சரி, என்ன டிரெஸ்?"

"ஆரஞ்சு."

அவர் அக்கரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பாவம், அவருக்குச் சிரிப்பு வந்திருக்கும், அடக்கிக்கொண்டார்.

கல்லணையில் சரியாக இருந்த ஒன்று இங்கே எப்படிப் பைத்தியக்காரத்தனம் ஆனது என்று அவருக்கு விளக்க என்னிடம் டச்சு இல்லை. நல்ல தமிழில்கூட முடிந்திருக்குமா தெரியவில்லை. ஆரவாரம் கேட்டது. மன்னரின் படகு எனக்கும் கயலுக்கும் நடுவில் மெதுவாக, மிக மெதுவாகப் போனது. எல்லோரும் கொடி அசைத்தார்கள். நான் படகுக்கு மேலாக அக்கரையில் ஒரு பட்டுப்பாவாடையைத் தேடிக்கொண்டிருந்தேன். மன்னர் எந்த நிறத்தில் கோட்டுப் போட்டிருந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பாலம் இறங்கியது. ஓடப் பார்த்தேன். "இங்கயே நில்லுங்க, நீங்களும் தொலைஞ்சுடாதீங்க" என்று தடுத்துவிட்டு, போலீஸ்காரர் வாக்கிடாக்கியில் பேசினார். அக்கரைக் கூட்டம் எங்களைக் கடந்து வந்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கூட்டம் வடிந்தது, பிறகு யாருமே வரவில்லை.

கடைசியில் இருவர் மட்டும் நடந்து வந்தார்கள். அந்தப் பருத்த பெண்மணியும், அவர் கையைப் பிடித்தபடி கயலும். பாலத்தின் இரு பாதிகளும் சேரும் இரும்புக்கோட்டில் கயல் நின்றாள். ஒரு பாதிக்கு ஒரு காலாக வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் கத்தினாள்.

"அம்மா! ராஜா எனக்குக் கை ஆட்டுனாரு! நீ பாத்தியா?"

ஓடிப்போய் அவளை அள்ளிக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்மணிக்கு என் அழுகை புரியவில்லை. நான் திட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்:

"நீங்க குடுத்த இடத்துலயேதான் நின்னோம். எல்லாரும் போனப்புறமும் நின்னோம். நீங்கதான் வரல." பிறகு கயலைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஆனா என் பையில இருந்த வாஃபிள் பிஸ்கட் எல்லாம் தீந்துபோச்சு."